உன் இடத்தில் அரை மணி நேரம்

லைப்சிக்,
10.11.2025

அன்புள்ள அத்தைக்கு,

யோகேஸ்வரி மெயிலில் எழுதுவது. பாப்பாவுக்குச் சளி தேவலை. தீபாவளி சீசன் முடிந்து இப்போதுதான் பட்டாசுக் கடையில் உங்களுக்கு உட்கார நேரம் கிடைத்திருக்கும். அதற்குள் ஒரு வேலை சொல்கிறேன், கோபிக்காதீக.

வியாழக்கிழமை எங்கள் விஞ்ஞானிகள் மாநாடு. யாரும் எங்கேயும் போவதில்லை, எல்லாம் கம்ப்யூட்டரில்தான். திரையில் ஒரு மண்டபம், ஆளுக்கொரு பொம்மை. என் பொம்மை என் ஆராய்ச்சிப் படத்துக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். கொஞ்ச நேரம் அசையாவிட்டால் வெளியே தள்ளிவிடும். அந்த நேரம் பார்த்துப் பாப்பாவைப் பள்ளியிலிருந்து கூட்டி வரணும், அரை மணி ஆகும். அவுக வேலை முடிந்து வர இருட்டிவிடும். நீங்கள் கடைக் கம்ப்யூட்டரில் என் பெயரில் உள்ளே போய், அம்புக்குறியைத் தட்டிப் பொம்மையை அசைத்தால் போதும். யாரிடமும் எதுவும் எழுத வேண்டாம்.

மூன்று வருஷமாக ஆய்வகத்துக்கு வெளியே இருக்கிறேன், அத்தை. இந்த மண்டபத்தில் யாராவது பார்த்துக் கூப்பிட்டால்தான் உண்டு.

உங்கள் மருமகள்,
யோகு


உ
இருக்கன்குடி மாரியம்மன் துணை

சிவகாசி,
11.11.2025

என் தாயி யோகுவுக்கு அத்தை எழுதிக்கொண்டது.

செய்கிறேன். இதுக்கு ஏன் இம்புட்டுத் தயக்கம்? எனக்குத்தான் சில சந்தேகம். பொம்மைக்குச் சேலை கட்டலாமா? மண்ணில் கிடக்கிற ஈயத்தைக் காளான் உறிஞ்சும் என்று உன் படத்தில் போட்டிருக்கிறதாமே, மாமா வாசித்துச் சொன்னார்கள். உறிஞ்சின ஈயம் எங்கே போகும்? காளானுக்கு ஒன்றும் செய்யாதா?

விஞ்ஞானிகள் ஒருத்தருக்கொருத்தர் அறிமுகமாகிக்கொள்ளும் தளம் என்று சொன்னாயே, அதில் நானும் பெயர் பதிந்துவிட்டேன். தொழில், இல்லத்தரசி. அனுபவம், முப்பத்தோரு வருஷம். சிலி நாட்டிலிருந்து ஒரு பூச்சி ஆராய்ச்சிக்காரர் அறிமுகம் கேட்டிருக்கிறார். மாமா கணக்கப்பிள்ளையிடம், "ஏலே பெத்தணா, மொதலாளியம்மாவுக்கு வந்த வாழ்வைப் பாத்தியாலே!" என்று ஒரே சிரிப்பு.

நிற்க. சூர்யா வீடியோவில் பேசும்போது பின்னால் வெள்ளைச் சுவர் தெரிகிறது. பாப்பா கிறுக்கின பச்சைச் சுவர் எங்கே? வீடு மாறினீகளா? கேட்டால், "நெட் சரியில்லம்மா" என்று வைத்துவிடுகிறான். பெற்ற பிள்ளையிடம் இரண்டு வார்த்தை பேசவும் கொடுப்பினை இல்லை.

அத்தை,
லட்சுமிகாந்தம்


உ
இருக்கன்குடி மாரியம்மன் துணை

சிவகாசி,
13.11.2025

யோகு,

உன் பொம்மையை ஒப்படைத்துவிட்டு எழுதுகிறேன். நன்றாக அசைத்தேன். ஒரு தடவை சுவரில் முட்டிக்கொண்டது, மன்னிச்சுக்கோ.

பேசாதே என்றாய். படத்துக்கு முன்னால் ஆள் வந்து நிற்கும்போது எப்படியம்மா சும்மா இருக்க? வந்தவர்களை வாங்கன்னு சொல்லாமல் கடையில் நின்று எனக்குப் பழக்கமில்லை. "வாங்க, பிள்ளையைக் கூப்பிடப் போயிருக்கா, இந்தா வந்துருவா" என்று தமிழில் எழுதினேன். அதுவே இங்கிலீஷில் மாற்றிப் போட்டுக்கொண்டது! ஒரு ஜப்பான்காரர் கும்பிடு போட்டார். இன்னொருத்தரிடம் ஈயம் எங்கே போகும் என்று கேட்டுவிட்டேன். காளானின் உடம்புச் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளுமாம். எனக்கு ஒரே ஆச்சரியம்.

அவர்கள் போனபிறகு டாக்டர் தேவமணி என்று ஒரு அம்மா வந்தார்கள். மைசூர் ஆய்வகமாம், பிறந்தது சாத்தூராம். நான்தான் நீ என்று நினைத்து இப்படி எழுதினார்கள்: "யோகேஸ்வரி, ஜனவரியில் வேலையில் சேருகிறீர்கள்தானே? கணவரைப் பிரிந்து குழந்தையோடு வருவதாக எழுதியிருந்தீர்கள். இன்றைக்குள் நான் பெயர் கொடுக்காவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். உறுதியாகச் சொல்லுங்கள்."

திரும்பத் திரும்ப வாசித்தேன். அங்கன என்ன நடக்குது தாயி?

அத்தை


லைப்சிக்,
13.11.2025

அத்தை,

ஆடியிலிருந்து அவுக வேறு வீட்டில் இருக்காக. அடியோ குடியோ இல்லை. பேச்சு நின்றுபோச்சு, அம்புட்டுதான். மாமா நெஞ்சுக்கு ஆகாது, இப்போதைக்குச் சொல்ல வேண்டாம் என்று அவுகதான் சொன்னாக. நானும் ஒத்துக்கொண்டேன். உங்களிடம் மறைத்துவிட்டு உங்களிடமே உதவியும் கேட்டேன். எனக்கு வேறு ஆள் தோன்றவில்லை.

நான் வந்தபோது தேவமணி மேடம் போய்விட்டார்கள். அந்த மண்டபத்தில் ஆள் விலகினால் எழுதினதும் அழிந்துவிடும். மூன்று மெயில் போட்டுவிட்டேன், பதில் இல்லை. எனக்கென்று வந்திருக்கிற ஒரே வேலை அது, அதையும் உங்களிடம் சொல்லாமல்தான் இருந்தேன். திட்டுங்கள், என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள். அவர்களுக்கு என்ன பதில் எழுதினீக? அதை மட்டும் சொல்லிவிடுங்கள்.

யோகு


உ
இருக்கன்குடி மாரியம்மன் துணை

சிவகாசி,
14.11.2025

யோகு,

முதலில் நீ கேட்டது. "நான் யோகேஸ்வரி இல்லை, அவ மாமியார்" என்று எழுதினேன். பொய் சொல்ல வரவில்லை. அந்த அம்மாவின் பொம்மை சட்டென்று பின்னால் நகர்ந்தது. "ஐயோ, உங்களிடம் போய்ச் சொல்லிவிட்டேனே" என்றார்கள். எங்கே போய்விடுவார்களோ என்று பயந்து, "பேரைக் குடுங்க, அவ வருவா" என்று எழுதிவிட்டேன். என் மகன் குடும்பம் என்று தெரிந்தேதான் எழுதினேன். பேர் கொடுத்தாச்சு. அவர்கள் கல்யாண வீட்டுக்கு ரயில் ஏறப்போவதாகச் சொன்னார்கள், அதனால்தான் மெயிலுக்குப் பதில் இல்லை.

கோபம் இல்லாமல் இல்லை. ஆடியிலிருந்து இருக்கன்குடியில் உங்கள் மூணு பேர் பேரையும் சேர்த்துச் சொல்லி ஒரே அர்ச்சனையாகச் செய்துகொண்டிருக்கிறேன். ஆத்தா என்னைப் பார்த்து என்ன நினைத்திருப்பாள்!

சூர்யாவிடம் பேசினேன். தப்பு யார் மேல் என்று கேட்கவில்லை. அழுதான். அவனும் என் பிள்ளைதான் யோகு, அவனுக்கும் விளக்கேற்றுவேன். மாமாவிடம் பக்குவமாக நானே சொல்லிக்கொள்கிறேன்.

ஆய்வகத்துக்குப் பக்கத்தில் பிள்ளைகள் காப்பகம் உண்டா என்று தேவமணி அம்மாவிடம் அந்த மண்டபத்திலேயே விசாரித்தேன். இல்லையாம். குவார்ட்டர்ஸில் எத்தனை பேர் இருப்பீர்கள் என்று அவர்கள் கேட்டார்கள். மூணு என்று போடச் சொல்லியிருக்கிறேன். வைகாசியில் அடுத்த தீபாவளி ஆர்டர் தொடங்குகிற வரைக்கும் கடையை மாமா பார்த்துக்கொள்வார்கள். மைசூருக்கு வந்து பாப்பாவை நான் பார்த்துக்கொள்கிறேன். உனக்கு வேண்டாமென்றால் தயங்காமல் எழுது, ரெண்டு என்று திருத்தச் சொல்லிவிடுகிறேன்.

அத்தை,
லட்சுமிகாந்தம்