பாதிக் கிணறு

மார்ச் 12, 1931. வியாழன், இரவு.

கடையின் பின்கட்டுச் சுவரில் ஈரம் ஏறிக்கொண்டே இருந்ததால் கொத்தனாரைக் கூப்பிட்டு இன்று உடைக்கச் சொன்னேன். உள்ளே பாதிக் கிணறு இருக்கிறது. மீதிப் பாதி பக்கத்து மளிகைக்கடை அந்தோணியின் வீட்டில். இரண்டு கடைகளையும் கட்டியவர் ஒருவரே, கிணறும் பொது, பிறகு வந்த யாரோ இந்தப் பக்கத்தை ஒற்றைச் செங்கல் சுவரால் மூடிவிட்டார்கள் என்றார் கொத்தனார்.

என் துணி மூட்டைகள் கடைமுன் நடைபாதையான அஞ்சடியை அடைக்கின்றன என்று சண்டை வந்த நாளிலிருந்து அந்தோணியோடு எனக்குப் பேச்சில்லை.

குனிந்து பார்த்தேன். அந்தப் பக்கமிருந்து ஒரு வாளி இறங்கியது. அந்தோணியின் மனைவி என்னைப் பார்த்துவிட்டுச் சாதாரணமாகச் சொன்னார்: "மூடியிருந்தப்பவே நீங்க பேசுறதெல்லாம் எங்களுக்குக் கேக்கும் தம்பி. பாத்துமாவுக்கு வலி எடுத்தன்னைக்கு மருத்துவச்சிய அனுப்புனது இவருதானே."

அன்று நான் வெளியூரில், பாகான் டாலாமில் இருந்தேன். என் மனைவி பாத்துமாதான் ஆள் அனுப்பினாள் என்று நானும், நான் சொல்லிவிட்டுப் போனேன் என்று அவளும் இத்தனை நாள் நினைத்திருக்கிறோம்.

வீடு மேல்மாடியில்; கீழே இந்தப் பின்கட்டு அறையில் உட்கார்ந்து அவரை என்னவெல்லாம் திட்டியிருக்கிறேன்.

இதை எழுதும்போதே கிணற்றுக்கு அந்தப் பக்கமிருந்து அந்தோணியின் குரல் வந்தது.

"தம்பி, மேல பாத்துமா சாப்பிடக் கூப்பிடுறாங்க. ரெண்டு தரம் கூப்பிட்டாச்சு, போங்க."