நடுக்கயிற்றைப் பிடிக்க ஆளில்லை

அன்புக் கண்ணுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் உடம்பளவில் சுகம்தான், பேச்சுவார்த்தை மட்டும் நாலு நாளாக இல்லை. நீ அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு, அந்த இருமலும் விட்டுப்போய், நல்லபடியாக இருக்கிறாய் என்று நினைத்துக்கொள்கிறேன். நினைத்துக்கொள்ளத்தானே முடியும், நீயாக நாலு வரி எழுதினால்தானே தெரியும். போன மாதம் உன் உறையை ஆசையாகப் பிரித்தால் உள்ளே மோட்டார் படம் போட்ட தாள்கள், ஓரத்தில் இதில் ஒன்றை மாட்டிக்கொள், இல்லாவிட்டால் படகை விற்றுவிடு என்று ஒரே வரி. பெற்றவளுக்கு எழுதுகிற கடிதமா அது? மோட்டார் வைத்தால் அதன் உதறலுக்குப் பின்பலகை தாங்காது, ஒரே வருஷத்தில் பிளந்துவிடும் என்று தச்சர் உன் எதிரில்தானே சொன்னார், அதற்குள் மறந்துவிட்டதா?

இப்போது அந்த மோட்டார்தான் என் கழுத்தைப் பிடிக்கிறது. படகுத்துறைக்குப் புதிதாக ஓர் அதிகாரி வந்திருக்கிறார். எதற்கெடுத்தாலும் விசில் ஊதுவார், அதனால் எல்லாருக்கும் அவர் விசில்காரர். மோட்டார் இல்லாத பாய்மரப் படகுகளை இனி இங்கே கட்டக்கூடாது என்று வந்த மூன்றாம் நாளே பலகை எழுதி மாட்டிவிட்டார். இருபத்திரண்டு வருஷமாக எதிர்க்கரை நாற்றுப்பண்ணையிலிருந்து செடித்தொட்டி ஏற்றி வருகிறேன், என்னைப் போய் மிதக்கிற மரக்கட்டை மாதிரிப் பார்க்கிறார். அவர் மேஜை முன்னால் நின்று நான் போட்ட சத்தத்தில் கடைசியில் இறங்கி வந்தார். பாயை மட்டும் வச்சுக்கிட்டு, முழுச் சரக்கோட, படகு கட்டுற மேடையில இடிக்காம வந்து கட்டிக் காட்டுங்க, காட்டினா இடம் உங்களுக்கு, இல்லேன்னா நீங்க வேற துறை பார்த்துக்குங்க என்றார். வேறு துறை எங்கே இருக்கிறது? இங்கே கட்டமுடியாவிட்டால் படகை உடைத்து விறகாக்க வேண்டியதுதான், என்னையும் ஒரு மூலையில் உட்காரவைக்க வேண்டியதுதான்.

முதல் தடவை எல்லாம் ஒழுங்காகத்தான் வந்தது. மீன் எடைபோடும் கொட்டகைக்கு நேராக வந்ததும் பெரிய பாயை இறக்கிவிட்டேன், சின்னப் பாயில் மெதுவாக ஊர்ந்து, மேடையை ஒட்டிப் படகின் மூக்கைக் காற்றுக்கு எதிரே திருப்பினேன், பாய் படபடவென்று அடித்துக்கொண்டது, வேகம் செத்தது. இனி என்ன, படகின் நடுவிலிருந்து நான் எறிகிற கயிற்றை, மேடைமேல் நிற்கிற உன் அப்பா அங்குள்ள தூணில் ஒரு சுற்றுச் சுற்றி, கொஞ்சம் கொஞ்சமாக வழுக்கவிட்டுப் பிடித்தால் போதும், படகு தானாக வந்து சாய்ந்துகொள்ளும். அந்த மனுஷர் என்ன செய்தார் தெரியுமா? நடுக்கயிற்றைக் கீழே போட்டுவிட்டு, முன்னால் தொங்கிய கயிற்றை எட்டிப் பிடித்து இரண்டு கையாலும் இழுத்தார். முன்னால் இழுத்தால் மூக்கு உள்ளே திரும்பும் என்று எத்தனை வருஷமாகச் சொல்கிறேன்! மடேர் என்று மேடையில் மோதி, பதினோரு தொட்டி உடைந்து, ரோஜாக் கன்றெல்லாம் மண்ணோடு புரண்டது. தையல்காரர் கை, தளர்ந்து கிடக்கிற எதைப் பார்த்தாலும் இழுத்து முடிச்சுப் போடாமல் அதற்கு இருப்புக் கொள்ளாது. கேட்டால், நீ தண்ணியில தனியா தத்தளிக்கிற, நான் வேடிக்கை பார்த்துக்கிட்டு நிக்கணுமா என்று என்மேலேயே பாய்கிறார். நான் எங்கே தத்தளித்தேன்?

விசில்காரரிடம் காலில் விழாத குறையாகக் கேட்டு இன்னொரு வாய்ப்பு வாங்கினேன். இந்த முறை கிளம்பும்போதே உன் அப்பாவிடம் கறாராகச் சொன்னேன், நீங்க ஒண்ணையும் தொடாதீங்க, சும்மா நில்லுங்க என்று. கோபத்தில் சொன்னதுதான். அவர் அதை அப்படியே பிடித்துக்கொண்டார். படகு மேடைக்கு ஒரு கை தள்ளி அசையாமல் நின்றது, அவ்வளவு அழகாக நான் என்றைக்கும் கொண்டுவந்ததில்லை. நடுக்கயிற்றை எறிந்தேன், அவர் செருப்பின்மேலேயே விழுந்தது. அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கயிற்றைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார். பிடிங்க பிடிங்க என்று கத்தினால், நீதானே தொடாதேன்னே என்கிறார்! கயிறு நழுவித் தண்ணீரில் விழுந்தது, காற்று படகைப் பின்னால் தள்ளியது. அதைப் பார்த்துப் பொறுக்காமல் ஓடிவந்தது யார் என்கிறாய், சாட்சாத் விசில்காரரேதான். அவரும் அந்த முன்கயிற்றைத்தான் பிடித்தார். அவரும் தம் பிடித்து இழுத்தார். மறுபடி மடேர். விசில் வாயிலிருந்து தெறித்துத் தண்ணீருக்குள் போனது. இழுத்தது நீங்கதானே ஐயா என்றேன். படகு போகுதேன்னு கை தானா போயிடுச்சும்மா என்றார், முகத்தில் ஈயாடவில்லை. அந்த வெட்கத்தில்தான் அடுத்த மாதம் பத்தாம் தேதி கடைசித் தடவை என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்.

வலை பின்னுகிறவரைக் கேட்டுப் பார்த்தேன், ஐஸ் கடைக்காரரை நிற்கவைத்து இரண்டு நாள் பழக்கினேன். எல்லாருக்கும் அதே வியாதி, படகைக் கண்டதும் இழுக்கிறார்கள். யோசித்துப் பார்த்தால் இந்த வேலையில் கை பரபரக்காத ஒரே ஆள் நீதான். ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, சடை நுனியைக் கடித்துக்கொண்டு, எங்கேயோ பார்த்தபடி நிற்பாய். மந்தம், மந்தம் என்று உன்னைத் திட்டியிருக்கிறேன். அது மட்டுமா திட்டினேன்? உன் பன்னிரண்டு வயதில் கயிற்றுக்கும் தூணுக்கும் நடுவே உன் இடது சுண்டுவிரல் நசுங்கியதே, அன்றைக்கு வேகமாக வந்தவள் நான். வேறொரு படகு முந்திக்கொள்ளுமோ என்ற அவசரத்தில் கொட்டகையைத் தாண்டியும் பாயை இறக்கவில்லை. அந்த வேகத்தை எந்தக் கையாலும் பிடித்திருக்க முடியாது. அப்படியிருந்தும் கவனம் இருந்தால்தானே என்று அத்தனை பேர் எதிரில் உன்னைத்தான் ஏசினேன், டாக்டரிடமும் அதையே சொன்னேன். நீயோ கட்டுப் பிரித்த மறுநாளே வந்து தூணருகே நின்றாய், வேலை கிடைத்து ஊரை விட்டுப் போகிற நாள்வரை நின்றாய். விரல் நிமிரவே இல்லை. தப்பு என்னுடையது கண்ணு. நேரில் சொல்லியிருக்க வேண்டும், எத்தனையோ தடவை வாய்வரை வந்தது, வீம்பு விடவில்லை.

உன்னை வா என்று நான் எழுதவில்லை. உனக்கு அங்கே ஆயிரம் வேலை, லீவு தரமாட்டார்கள், தெரியும். பத்தாம் தேதி காலை எட்டு மணி என்று தகவலுக்குச் சொன்னேன், அவ்வளவுதான். இருமலுக்கு வெந்நீர் குடி, தலை ஈரத்தோடு வெளியே போகாதே. எங்கே இருந்தாலும் ஒரு குறையும் இல்லாமல், மனம் நிறைந்து இரு, அதுதான் எங்கள் இருவருடைய ஆசீர்வாதமும்.

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. நாலு நாளாக என்னிடம் பேசாமல் மிஷினில் உட்கார்ந்து உன் அப்பா தோலில் ஏதோ தைத்துக்கொண்டிருந்தார். இன்று காலை மேஜைமேல் வைத்துவிட்டுக் கடைக்குப் போய்விட்டார். கயிறு பிடிக்கிற கையுறை, ஒரு ஜோடி. அவர் கைக்கு நுழையாது, என் கைக்கும் நுழையாது. இடது கையில் சுண்டுவிரலை மட்டும் உள்பக்கமாக வளைத்துத் தைத்திருக்கிறார். பெட்டியில் வைத்துப் பூட்ட மனம் வராமல், கதவோரம் ஆணியில் மாட்டியிருக்கிறேன். நீ தூணருகே நின்றால், கொட்டகைக்கு முன்னாலேயே பாயை இறக்கிவிடுவேன்.

இப்படிக்கு,
உன் அம்மா