எக்ஸாஸ்ட் குழாய்க்குக் கறுப்பு

மார்ச் 8, புதன்

இல்லை, சந்தேகமே இல்லை, கறுப்புத்தான். அண்ணனிடம் அப்படித்தான் சொன்னேன். காலையிலேயே வெயில். காற்றில்லை, தூசி பறக்காது. பெயிண்ட் காய நல்ல நாள்.

கர்னலின் கார் பத்து நாளாக அண்ணன் புதிதாகப் போட்ட ரிப்பேர் ஷெட்டில். யுத்தத்துக்கு முந்தின வண்டி. என்னைவிட ஐந்து வயது மூத்தது. பானெட்டைத் திறந்தபோது துரு, கருகின எண்ணெய், எலி கொண்டுவந்து சேர்த்த வைக்கோல். எல்லாம் சுரண்டியாயிற்று. சனிக்கிழமை பத்து மணிக்கு வருகிறார். அண்ணனைப் பக்கத்தில் உட்கார வைத்து நேரே நந்தி மலைக்கு ஓட்டிப் பார்ப்பாராம். திருப்தியானால் அவருடைய மற்ற இரண்டு வண்டிகளும் இங்கே வரும். இல்லையென்றால் ஷெட்டை மூடிவிட்டு அண்ணன் மறுபடி யாரிடமாவது வேலை கேட்க வேண்டும்.

யார் கொடுப்பார்கள்? பழைய கராஜில் அவனை வேலையைவிட்டு நிறுத்தி நான்கு மாதம். மேஸ்திரி எடுத்துக் கொடுத்த பெயிண்டை எக்ஸாஸ்டில், எஞ்சின் புகை போகும் குழாயில், அடித்தான். வண்டி ஓடும்போது அது வெந்து, உள்ளே ஒரே புகை. பின் சீட்டில் கைக்குழந்தை. பிழைத்தது. பெயிண்ட் தான் கொடுத்தது என்று மேஸ்திரி வாய் திறக்கவில்லை. அண்ணனும் திறக்கவில்லை. அதனால்தான் இந்தத் தடவை பெயிண்டை என்னைத் தேர்ந்தெடுக்கச் சொன்னான். கெமிஸ்ட்ரி படித்தவள், பெண்களுக்கு அதையே பாடம் நடத்துகிறவள்.

பானெட்டின் உள்தகடுகளுக்கு: பச்சை எனாமல். அங்கே சூடு குறைவு, சண்டையில்லை.

எக்ஸாஸ்ட் குழாய்க்கு: (அ) கறுப்பு. சூடு தாங்கும் என்று டப்பாவிலேயே போட்டிருக்கிறது. (ஆ) அலுமினியம். பொடி தனி, எண்ணெய் தனி, அடிக்கும்போது கலக்க வேண்டும்.

அலுமினியம் என்பது முனுசாமியின் கட்சி. அண்ணனுடைய கூட்டாளி. தங்கவயல் சுரங்கத்தில் பதினைந்து வருடம் ஃபிட்டர். ஏன் அலுமினியம் என்று கேட்டால், அங்கே அடித்தார்களாம், நின்றதாம். இது ஒரு காரணமா?

ஆகவே பரிசோதனை. நேற்றே அடித்துக் காய வைத்திருந்தேன். பிஸ்கட் டப்பா மூடியில் அலுமினியம். வேறு தகரம் இல்லை, கறுப்பு மட்டும் உடைந்த தோசைக்கல் துண்டில். கரி அடுப்பு, பத்து நிமிடம். அலுமினியம் நான்காம் நிமிடமே சுருங்கி வழுக்கி வந்துவிட்டது. கறுப்பு அசையவில்லை.

முனுசாமியிடம் காட்டினேன். காட்டிய விதம் சரியில்லை. ஃபெயிலான பெண்களிடம் பேசும் குரல் வந்துவிட்டது. அவர் துண்டைக் கையில் வாங்கவே இல்லை. சட்டையை மாட்டிக்கொண்டு அண்ணன் பக்கம் திரும்பினார்.

“தம்பி, உன் தங்கச்சியே ஸ்பானரையும் புடிக்கட்டும். நான் எதுக்கு குறுக்க?”

போய்விட்டார்.

மார்ச் 9, வியாழன்

லேபில் இரண்டு கண்ணாடி ப்யூரெட் உடைந்தன. உடைத்தவள் அழுதாள். வெயில் நேற்றைவிட அதிகம்.

பஸ்ஸில் கண்டக்டர்: “முந்தே ஹோகம்மா, முன்னாடி போம்மா. பின்னாடி என்ன, பிரசாதமா குடுக்கறாங்க?”

முனுசாமி வரவில்லை. அண்ணன் தனியாகவே கறுப்பை அடித்து முடித்திருந்தான். இரண்டு கோட். பானெட்டைத் தூக்கிக் காட்டினான். பச்சைக்கு நடுவில் கறுப்பு, அழகாகத்தான். நான்கு மாதத்துக்குப் பிறகு அவன் விசிலடித்துக் கேட்கிறேன்.

சரியாக இருப்பதில் ஒரு ருசி. உடம்பில் தெரிகிறது, நாக்குக்கு அடியில். முனுசாமி முகம் இடையிடையே. ஒதுக்கினேன்.

மார்ச் 10, வெள்ளி

மதியத்துக்கு மேல் எழுதுகிறேன்.

காலை வகுப்பில்லை. அண்ணி அடுப்படியை ஒழிக்கும்போது என் இரண்டு துண்டுகளையும் எடுத்தாள். எறியலாமா என்றாள். பிறகு மூடியை வெளிச்சத்தில் திருப்பினாள். ஓரத்தில் பளபளவென்று உருண்டைகள்.

“என்ன கமலி இது, வெறும் ஈயச் சொம்ப அடுப்புல வெச்ச மாதிரி உருகிக் கெடக்கு?”

பெயிண்ட் தாங்கவில்லை என்றேன்.

“பெயிண்ட் எங்க உருகுச்சு? தகரத்து மேல இருக்கற பூச்சுதான உருகியிருக்கு. காலி சொம்ப அடுப்புல வெக்காதன்னு உனக்கு எத்தனை தடவ சொல்லியிருக்கேன்.”

அவள் அரிசி களையப் போய்விட்டாள். நான் மூடியைத் திருப்பிப் பார்த்தேன்.

டப்பாத் தகரத்துக்கு மேல் வெள்ளீயப் பூச்சு. கரி நெருப்பில் அது உருகாமல் என்ன செய்யும்? வருஷா வருஷம் கரும்பலகையில் நானே எழுதிப் போடும் விஷயம். நிற்கும் தரை ஓடிப்போனால் பெயிண்ட் எதைப் பிடித்துக்கொள்ளும்? இரண்டு பெயிண்ட், இரண்டு உலோகம். இதை ஒரு மாணவி எழுதிக் கொடுத்திருந்தால் சிவப்பு மையால் கோடு போட்டிருப்பேன்.

மறுபடி. ஒரே தோசைக்கல் துண்டு, தேய்த்துச் சுத்தம் செய்து, ஒரு முனையில் கறுப்பு, மறு முனையில் அலுமினியம். மொட்டை மாடி வெயிலில் நான்கு மணி நேரம். பிறகு அடுப்பு. பத்து நிமிடம்: இரண்டும் ஒன்றுபோல். இருபது: கறுப்பில் புகை, கண் எரிந்தது. முப்பது: கறுப்பு சாம்பல் நிறம், ஆறவிட்டுத் தொட்டால் விரலோடு வருகிறது. அலுமினியம் மங்கியது. அவ்வளவுதான், நிற்கிறது. குழாயும் தோசைக்கல் மாதிரி வார்ப்பிரும்புதான்.

ஐந்தரை. ஜன்னல் வழியாக அண்ணன் தெரிகிறான். விளக்குகளைத் துடைக்கிறான். விசில்.

மேஸ்திரி எப்படிப் பேசாமல் இருந்தார் என்று இன்று தெரிகிறது. கஷ்டமே இல்லை. ஷெட்டுக்குப் போகாமல் இருந்தால் போதும்.

ஆறு மணி. போனேன். சொன்னேன். அண்ணன் துணியைக் கீழே போடவில்லை, மடித்துக்கொண்டே இருந்தான்.

“நீதான சொன்ன.”

ஆமாம் என்றேன்.

கர்னல் மலை வரைக்கும் போகமாட்டார், விட்டுவிடலாம் என்றான். அவன் கண்ணே அதை நம்பவில்லை. பத்து மணிக்கு அவரிடம் என்னவென்று சொல்வது என்றான் பிறகு.

“நீ ஒண்ணும் சொல்லாத. நான் போய்ச் சொல்றேன்.”

மார்ச் 11, சனி

ஏழு மணிக்கே குக் டவுனில் கர்னல் வீடு. நடந்தே போனேன். கர்னல் வராந்தாவில் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார், மலைக்குப் போக. நின்றபடியே சொன்னேன். பெயிண்ட் தப்பு. தேர்ந்தெடுத்தது நான். என் பரிசோதனை தப்பு. அண்ணன் நான் சொன்னதை அடித்தான். இன்று ஓட்டினால் உள்ளே புகை வரும்.

அண்ணன் அனுப்பினானா என்று கேட்டார். இல்லை என்றேன். சரியான பெயிண்டை யாராவது சொன்னார்களா என்றார். சொன்னார்கள், நான்தான் கேட்கவில்லை என்றேன். ஒரு ஷூவை முடித்துவிட்டு இன்னொன்றை எடுத்தார். செவ்வாய்க்கிழமை வருகிறேன் என்றார். மற்ற இரண்டு வண்டிகளைப் பற்றிப் பேச்சில்லை. நானும் கேட்கவில்லை.

அங்கிருந்து முனுசாமி வீடு. சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மனைவி மணை போட்டாள். உட்காரவில்லை.

“டெஸ்டு முடிஞ்சுதாம்மா?”

“முடிஞ்சுது. நீங்க சொன்னதுதான் சரி. அன்னிக்கு நான் பேசினது தப்பு.”

சோற்றைப் பிசைந்தார்.

“காரணம் கேட்டியே. எனக்கும் தெரியாது. எதனால நிக்குது அது?”

எண்ணெய் எரிந்து போய்விடும், அலுமினியத் துகள் மட்டும் இரும்பைப் பிடித்துக்கொள்ளும், அப்படித்தான் இருக்க வேண்டும் என்றேன். தலையாட்டினார். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

ஒன்பது மணி. அண்ணன் குழாயைக் கழற்றி வைத்திருந்தான். பழைய புடவையைக் கட்டிக்கொண்டு, உப்புத்தாளை எடுத்து, கறுப்பைத் தேய்க்க உட்கார்ந்தேன்.