பூங்கா இடத்தில் உன் பெயர்ப்பலகை

போன பிறகும் என்னை நிம்மதியாக இருக்க விடாத தம்பி முனிராஜுக்கு,

நலமா என்று உன்னைக் கேட்க முடியாது. நான் நலமில்லை, அதை மட்டும் சொல்லிவிடுகிறேன். இதை உனக்கு மட்டும் எழுதவில்லை. நம் லேஅவுட்டில் எல்லாரும் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். நேரில் பேசினால் "பெருசு ஆரம்பிச்சிருச்சு" என்று எழுந்து போய்விடுகிறார்கள்.

உனக்கு மண்டபம் கட்டப் போகிறார்கள், தெரியுமா? நம் தெருக்கோடியில் இருக்கிற பூங்கா இடத்தில். 'முனிராஜ் நினைவு சமுதாயக் கூடம்' என்று பெயர்ப்பலகையாம். தன் செலவில் கட்டிக்கொடுக்க முன்வந்திருப்பவர் யார் என்று நினைக்கிறாய்? நமக்கு மனை விற்ற லேஅவுட்காரர். அந்தப் பூங்கா இடத்தையே இரண்டு சைட்டாக வெட்டி விற்கப் பார்த்தாரே, நீ லுங்கியோடு ஓடிப்போய் ஜேசிபி வாளிக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டாயே, அதே மனிதர்.

உன் காரியத்தன்று ஆளுயர மாலையோடு வந்தார். உன் படத்துக்கு முன்னால் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் அவருடைய கைக்குட்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது நனைந்ததாகத் தெரியவில்லை.

"ஆஸ்பத்திரியில கடைசியா பாக்கப் போனப்ப எங் கையப் புடிச்சிக்கிட்டாருங்க. 'நமக்குள்ள இருந்ததெல்லாம் போகட்டும், ஜனங்க கூடிப் பேச ஒரு கூடம் மட்டும் கட்டிக் குடுத்துரு'ன்னாருங்க" என்றார். அவ்வளவுதான், பந்தலில் இருந்த பெண்கள் எல்லாரும் அழுதார்கள். நம் குடியிருப்போர் சங்கச் செயலாளர் கார்த்தி சாப்பிட்ட கையைக் கழுவும் முன்பே அதை வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டான். வரிசையாகக் கும்பிடும் கைகள் வந்து விழுந்தன.

நீ சொன்னாயா முனிராஜு? அந்தச் சமயம் நான் கோவில்பட்டியில் மகள் வீட்டில் இருந்தேன். சொல்லியிருந்தால் ஏன் என்னிடம் சொல்லவில்லை? சாவு பயத்தில் மனிதன் யாரோடு வேண்டுமானாலும் சமாதானம் ஆகிவிடுவான் என்பது எனக்கும் தெரியும். ஆனால் நீயுமா? உன் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் இதையே கேட்டுக்கொண்டிருந்தேன். நீ சிரித்துக்கொண்டே இருந்தாய்.

போன வாரம் பூங்கா இடத்தில் சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டு முளை அடித்தார்கள். காலையில் நடக்கப் போனபோது பார்த்தேன். கட்டடத்துக்கான கோடு நடுவில் இல்லை. மேற்குச் சுவரை ஒட்டித் தள்ளிக்கொண்டு நிற்கிறது. கிழக்கே பெரிய இடைவெளி. கார்த்தியிடம் கேட்டேன்.

"வாஸ்து சார். கெழக்குல எடம் விடணும். ஈசானி மூலைய அடைக்கலாமா?"

இதற்கு யார் எதிர்ப்பேச்சு பேசுவார்கள்? நம் ஊரில் வீடு கட்டுகிற எல்லாரும் கிழக்கே இடம் விடுகிறோம். நானும் விட்டேன், நீயும் விட்டாய். சமையலறைக்கு இடம் இல்லாவிட்டாலும் ஈசானி மூலையைக் காலியாக வைப்போம். அந்த ஆளுக்கு நம்மை நன்றாகத் தெரியும்.

நான் அந்த இடைவெளியில் போய் வடக்கே பார்த்து நின்றேன். நேர் எதிரே ரோஜாத் தோட்டம். பிளாஸ்டிக் கொட்டகையைப் பிரித்து, சொட்டுநீர்க் குழாயை உருவிக்கொண்டிருந்தார்கள். வேலை செய்த ஆளிடம் தோட்டத்தை யார் வாங்கியது என்று கேட்டேன். "உங்க லேஅவுட் ஓனருதான் சாமி" என்றான். அந்தத் தோட்டத்துக்கு வரப்பைத் தவிர வழி கிடையாது என்பது உனக்குத் தெரியும். வழி இல்லாத நிலத்தில் சைட் போட முடியாது. இப்போது வழி வந்துவிட்டது. உன் மண்டபத்தின் பக்கத்தில், வாஸ்துப்படி, லாரி போகிற அகலத்துக்கு.

மண்டபம் வேண்டும் என்று நாமே கையெழுத்துப் போட்டு மாநகராட்சிக்குக் கொடுக்க வேண்டுமாம். கட்டடம் எழும்பட்டும், வண்டி நிறுத்த என்று ஓரத்தில் தார் போடுவார்கள். அப்புறம் எவன் போய் ஜேசிபி முன்னால் நிற்பான்? உன் பெயர் எழுதிய சுவரை ஒட்டி நின்று யார் சண்டை போடுவார்கள்?

சங்கக் கூட்டத்தில் சொன்னேன். "நமக்கு சைட் வித்தப்ப மூலைய வெட்டி வெட்டி வித்தாரே, அப்ப எங்கய்யா போச்சு வாஸ்து?" என்று கேட்டேன். சிரித்தார்கள், ஆனால் என்னைப் பார்த்து.

"சார், நீங்க பால்காரர் ஊத்தற பாலையே தெனமும் மோந்து பாக்கற ஆளு" என்றான் கார்த்தி. பின்வரிசையில் ஒரு பெண், "அவரு பேரு வருது, இவரு பேரு வரலயே, அந்த வயித்தெரிச்சல்" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். என் காதில் விழ வேண்டும் என்கிற அளவுக்கு மெதுவாக. ஞாயிற்றுக்கிழமை கையெழுத்து வாங்குவதாக முடிவாயிற்று.

மறுநாள் உன் வீட்டுக்குப் போனேன். உன் வீட்டுக்காரி ரத்தினம்மா காபி கொடுத்தாள். சுற்றி வளைக்காமல் கேட்டுவிட்டேன். "ஏம்மா, முனிராஜு நிஜமாவே அவருகிட்ட அப்படிச் சொன்னானா?"

உன் படத்தைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "தொண்டைல டியூப் போட்டிருந்தாங்களேண்ணா. கடைசி வரைக்கும் எடுக்கவே இல்ல. எங்கிட்டயே ஒரு வார்த்தை பேசல."

"அன்னைக்கே ஏம்மா சொல்லல?"

"கேக்க நல்லா இருந்துச்சுண்ணா. யாருகிட்டயோ பேசிட்டுத்தான் போனாருன்னு."

காபி ஆறிப்போய்விட்டது. உன்மேல் விழுந்த சந்தேகம் தீர்ந்தது, ஆனால் அதற்கு நான் சந்தோஷப்பட முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவள் வருவாள் என்று நான் நினைக்கவில்லை. வந்தாள். லேஅவுட்காரர் எழுந்து, முன்னால் நாற்காலி போட்டு, சால்வையை விரித்தார். ரத்தினம்மா உட்காரவில்லை.

"எங்க வீட்டுக்காரரு உங்ககிட்ட எந்த பாஷைல பேசினாருங்க?"

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "நம்ம தெலுங்குலதாம்மா. நம்ம பேரிகைப் பக்கம் பேசற தெலுங்கு, சுத்தமா."

"தொண்டைல டியூப் இருந்துச்சே. அது வழியாவா வந்துச்சு?"

"இல்லம்மா... கண்ணால சொன்னாரு..." என்று இழுத்தார். பின்னால் யாரோ, "கண்ணுலயும் தெலுங்குதானா?" என்றார்கள். என்னை வயிற்றெரிச்சல்காரன் என்றாளே, அவள் குரல்தான். ரத்தினம்மா சால்வையை மடித்து நாற்காலிமேல் வைத்தாள். ஒருவரும் பேனாவை எடுக்கவில்லை. கார்த்தி தாள்களை அடுக்கிக்கொண்டே, "சரிங்க, இப்போதைக்கு ஒத்தி வெக்கலாம்" என்றான்.

ஒத்திவைத்திருக்கிறார்களாம். கைவிட்டதாக யாரும் சொல்லவில்லை, கவனி. முளைகளை இன்னும் பிடுங்கவில்லை. கூட்டம் முடிந்ததும் கார்த்தி லேஅவுட்காரரின் காரில் ஏறிப் போனான். டீ குடிக்கப் போனானாம். நம் தெருமுனையில் டீக்கடை இல்லையா?

வீட்டுக்குத் திரும்பும்போது ரத்தினம்மா என்னோடு நடந்து வந்தாள். "இனிமே அவரு பேரு எங்கயும் வராதில்லண்ணா?" என்று கேட்டாள். வராதும்மா என்றேன். தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனாள். கோபப்படுவாள் என்று பார்த்தேன், படவில்லை. அதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது.

கேள், முனிராஜு. ஒத்திவைத்த கூட்டம் எப்போது கூடினாலும் முதல் ஆளாகப் போய் உட்காருவேன். மாநகராட்சி அலுவலகத்துக்கு என் கால் நடக்கும்வரை நடப்பேன். நான் உயிரோடு இருக்கிறவரை அந்த இடத்தில் ரோடும் வராது, உன் பெயரும் வராது. இதற்காக நீ என்மேல் வருத்தப்பட்டாலும் சரி. எனக்குப் பிறகு யார் பார்ப்பார்கள் என்று கேட்காதே. நானும் தெருத்தெருவாக ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டுதான் வருகிறேன். ஒருவரையும் நம்ப முடியவில்லை, உன் வீட்டுக்காரியைத் தவிர.

உன்னோடு பிறக்காத அண்ணன்,
சங்கரலிங்கம்