ஓட்டைவாய் எழுதிக்கொள்வது

ஏங்க,

ராத்திரி பூரா பஸ் ஓட்டிவிட்டு வந்து அடித்துப்போட்ட மாதிரி தூங்குகிறீர்கள். எழுப்ப மனசு வரவில்லை. நான் லேபுக்குக் கிளம்புகிறேன்.

நேற்றைய ஃபுட்பால் ஃபைனலைப் பதிவு செய்து வைத்திருக்கிறேன். அந்த செட்டாப் பெட்டி ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் பதிவு செய்யுமாம். என் சீரியல் போனால் போகட்டும்.

போன தடவை வாய்தவறி ஸ்கோரைச் சொன்னதற்கு, "உன்ன மாதிரி ஓட்டைவாய பாத்ததே இல்ல" என்றீர்கள். அது இன்னும் எனக்கு ஆறவில்லை. அதனால் நேற்று மேட்சை முழுசாகப் பார்த்தும், இதில் ஒரு வார்த்தை எழுதப் போவதில்லை. பேப்பரைக்கூட ஒளித்து வைத்துவிட்டேன். மாடிவீட்டு எலெக்ட்ரீஷியன் தம்பியையும் எச்சரித்தாயிற்று. "அண்ணன் மூஞ்சில நான் எப்படிக்கா முழிப்பேன், நீங்களே பாத்துக்குங்க" என்றான்.

சாப்பாடு மேஜைமேல் மூடி இருக்கிறது. மேட்சுக்கு முன்னாலேயே சாப்பிட்டுவிடுங்கள், அப்புறம் தொண்டையில் இறங்காது. பிரஷர் மாத்திரையையும் போட்டுக்கொள்ளுங்கள். ரிமோட்டை மட்டும் கையில் வைத்துக்கொள்ள வேண்டாம். பழைய ரிமோட் சுவரில் பட்டுத்தான் உடைந்தது.

உங்கள் செல்ல கோல்கீப்பர், அந்த நெட்டையனைத் திட்டாதீர்கள். பாவம், அவனும் மனுஷன்தானே.

பி.கு.: கடைசிப் பத்து நிமிஷத்தை நான் வரும்வரை நிறுத்தி வையுங்கள். தனியாகப் பார்க்க வேண்டாம். நான் சீக்கிரமே வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன்.

இன்னொன்று: இவ்வளவு எழுதியும் ஸ்கோரைப் பற்றி மூச்சு விட்டேனா? இனி யாரை ஓட்டைவாய் என்பீர்கள்?