சூடு ஆறாத எரு

இன்று காலை கோழி எருக் குவியலில் செருகியிருந்த இரும்புக் கம்பியை உருவி உள்ளங்கையில் பிடித்தேன். மூன்று எண்ணுவதற்குள் விட்டுவிட்டேன். சுட்டது. உடனே உங்கள் நினைவு வந்தது, டாக்டர்.

ஓய்வு பெற்றபின் செந்துறைப் பக்கம் நான் போட்ட இந்தச் சிறு பண்ணைக்கு அந்தக் கம்பியைக் கொண்டுவந்ததே கால்நடை மருத்துவரான நீங்கள்தான். சீக்கு வந்த கோழிகளுக்கு ஆன்டிபயாடிக் கொடுத்த வாரம் அது. "குடுக்குற மருந்துல நெறய எச்சத்துல வெளிய வந்துடும் சார். பச்சையா வயல்ல கொட்டுனா மண்ணுல இருக்கற கிருமிக்கு மருந்து பழகிடும். அப்பறம் நமக்குச் சீக்கு வந்தா அதே மருந்து கேக்காது. குவிச்சு, நனைச்சு, மூடி மக்க வைங்க. கம்பி சுட்டா இன்னும் மக்கலன்னு அர்த்தம், வண்டில ஏத்தாதீங்க," என்று சொன்னீர்கள்.

ஆறினால் மருந்து முழுதும் போய்விடுமா என்று கேட்டேன். "முழுசான்னு சொல்ல மாட்டேன். கொறையும்," என்றீர்கள்.

பக்கத்து வெங்காய வயல்காரர் டிராக்டரோடு வந்து நின்ற அன்றும் கம்பி இப்படித்தான் சுட்டது. "கோழிக்குத்தான மருந்து குடுத்தீங்க, எருவுக்கா குடுத்தீங்க?" என்று சிரித்தார்.  வயதான கை சூட்டைக் கூட்டிச் சொல்கிறதோ என்று ஐயப்பட்டேன், வசதியான ஐயம். ஏற்றிப் போகவிட்டேன். அன்றே மழை. வயல் தண்ணீர் ஆடு மாடு குடிக்கும் ஏரிக்கு ஓடியது.

மழை விட்டதும் வந்தீர்கள். குவியல் இருந்த இடத்தைப் பார்த்தீர்கள்.

"ஆறிடுச்சா சார்?"

"ஆறிடுச்சு," என்றேன். திரும்பத் திரும்பப் பிடித்துப் பார்த்துச் சிவந்த கை முதுகுக்குப் பின்னால் இருந்தது. பண்ணைக் குறிப்பேட்டிலும் அப்படியே எழுதியிருந்தேன்.  போகும்போது பையிலிருந்து தீப்புண் களிம்பு ஒன்றை எடுத்து நாற்காலியில் வைத்துவிட்டுப் போனீர்கள்.

அந்த ஏரியால் யாருக்கு என்ன ஆயிற்று, ஒன்றும் ஆகவில்லையா, எனக்குத் தெரியாது. உண்மையை உங்களிடம் சொல்ல நாள் பார்த்துக்கொண்டே இருந்தேன். நீங்கள் போய்விட்டீர்கள்.

இந்த முறையும் கோழிகளுக்கு மருந்து கொடுத்திருக்கிறது. இன்றும் வெங்காய வயல்காரர் டிராக்டரோடு வந்தார். "மானம் கருக்கிட்டு வருது சார். சீக்கிரம் ஏத்திடறேன்."

 கம்பியை உருவி அவரிடம் நீட்டினேன்.

"அய்யோ, சுடுது சார்!"

"அதான். இன்னிக்கு இல்லீங்க."

"டாக்டரு செத்தும் உங்கள விடலியா?" என்று முனகிக்கொண்டே காலி வண்டியைத் திருப்பினார்.

பழைய குறிப்பேட்டைத் தேடியெடுத்து, 'ஆறியது' என்பதை அடித்து, 'சுட்டது. அனுப்பினேன்' என்று திருத்தினேன். இன்றைய தேதியில், 'சுட்டது, அனுப்பவில்லை.'

போகும்முன் கையை ஊதிக்கொண்டே அவர் களிம்பு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். தண்ணீர் மொண்டு ஊற்றினேன். அலமாரியில் இருப்பதைக் கொடுக்கவில்லை. அது நீங்கள் எனக்குக் கொடுத்தது.