ஊட்டு வண்டியில் ஈரம் பார்த்த நாள்

டாக்டரம்மா,

இன்று காலை உக்கடத்தில் ஒரு பழைய வேனின் உள்சுவரில் கன்னத்தை வைத்தேன். வைத்த வேகத்தில் எடுத்துவிட்டேன். நனைந்த கோணிச் சாக்கைச் சுருட்டி மூலையில் போட்டு மறந்துவிட்ட மாதிரி ஒரு வாடை. "வேண்டாமுங்க, ஈரம் ஏறிக் கெடக்குது" என்று சொல்லிவிட்டு, கூட வந்தவர்கள் மேற்கொண்டு கேட்பதற்குள் ரோட்டுக்கு வந்து முதலில் நின்ற பஸ்ஸில் ஏறிவிட்டேன். அது எங்கே போகிறது என்று இரண்டு ஸ்டாப் தாண்டித்தான் பார்த்தேன். மருதமலைக்குப் போகிற பஸ். எனக்கு மருதமலையில் என்ன வேலை?

இப்போது மணி நாலு. மூன்று தடவை காப்பி போட்டாகிவிட்டது, ஒன்றையும் முழுசாகக் குடிக்கவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் எதற்கு எழுந்தேன் என்று தெரியவில்லை. நீங்கள் இருந்திருந்தால் "கால்ல சக்கரத்தக் கட்டியிருக்கறயா அம்மணி? செத்த உக்காரு" என்று அதட்டியிருப்பீர்கள். நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது. எழுதுகிற நேரத்திலாவது ஒரே இடத்தில் இருப்பேன் என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன். உங்களிடம் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது, அதையும் எழுதிவிட வேண்டும்.

பதினோரு வருஷத்துக்கு முந்திய சித்திரை. நயா பைசா புதிதாக வந்து, பால்காரம்மாவோடு நான் தினமும் மல்லுக்கட்டிக்கொண்டிருந்த காலம். பெரிய ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டில் நீங்கள் டாக்டர், நான் நர்ஸ். நமக்குள் இரண்டு வயசுதான் வித்தியாசம். மற்றவர்கள் முன்னால் 'சிஸ்டர்' என்பீர்கள், தனியாக இருந்தால் 'அம்மணி'. வெள்ளகோவில் பக்கமிருந்தும் தாராபுரம் பக்கமிருந்தும் மாட்டு வண்டியில், வலி எடுத்து மூன்றாம் நாள், நாலாம் நாள் என்று பெண்கள் வந்து சேர்வார்கள். பாதிப் பேரை நாம் காப்பாற்றினோம். மீதிப் பேரை வண்டியிலிருந்து இறக்கத்தான் முடிந்தது. ஒருநாள் கை கழுவிக்கொண்டே சொன்னீர்கள், "அவங்க இங்க வந்து சேர்றதுக்குள்ள நாம அங்க போயிறணும் அம்மணி." அன்றைக்கே நான் மனசுக்குள் மூட்டை கட்டிவிட்டேன்.

உங்கள் அப்பா ஜீப்பைத் தந்தார். கோபம் வந்தால் தெலுங்குக்கு மாறிவிடுகிற அந்த மனிதர், ஆர்.எஸ்.புரம் வீட்டு முன்னறையில் அன்று நல்ல தமிழிலேயே கெடு வைத்தார். ஆடி பிறப்பதற்குள் ஜீப்பில் இழுத்துப்போக ஒரு வண்டி, மருந்து எல்லாம் ஏற்பாடு ஆகவேண்டும். இல்லையென்றால் மெட்ராஸில் உங்கள் சித்தப்பாவின் ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். நீங்கள் சரி என்று தலையாட்டினீர்கள். நீங்கள் போய்விட்டால் அந்த வார்டில், எதற்கெடுத்தாலும் திட்டுகிற மேட்ரனின் வாய்க்குக் கீழே, நான் மட்டும். உங்களோடு போகவேண்டும் என்பதைத் தவிர எனக்கு அந்த வருஷம் வேறு ஆசையே இல்லை. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் அதுதான் உண்மை.

அப்போதுதான் ஒரு காரவான் பற்றித் தெரிந்தது. வால்பாறை மலையில் எஸ்டேட் வைத்திருந்த துரை ஒருவர் சீமைக்குத் திரும்பும்போது விட்டுப்போனது. பொள்ளாச்சிப் பக்கத்துத் தோட்டக்காரர் ஒருவர் வாங்கி வேப்ப மரத்தடியில் நிறுத்தியிருந்தார். இரண்டு பேர் படுக்கப் பலகை, கழுவுவதற்குத் தொட்டி, கண்ணாடி ஜன்னல் என்று ஒரு குட்டி வீடே சக்கரத்தின் மேல் நின்றது. ஜீப்புக்குப் பின்னால் மாட்டி இழுத்துக்கொண்டு போகலாம். ஊர்ச் சனம் அதை 'ஊட்டு வண்டி' என்றுதான் சொன்னது.

வாங்கும் முன் ஈரம் பார்க்கச் சொல்லிப் பீளமேட்டில் பஸ் பாடி கட்டுகிற பட்டறைக்காரர் ஒருவர் யோசனை சொன்னார். நீங்கள் அதை மருந்துச் சீட்டின் பின்பக்கம் எழுதி என்னிடம் கொடுத்தீர்கள். ஜன்னலை எல்லாம் அரை மணி சாத்தி வைத்து, திறந்ததும் முதல் மூச்சிலேயே மோந்து பார். மூலைகளை விரல் முட்டியால் தட்டிப் பார். ஜன்னலுக்குக் கீழே கட்டை விரலால் அழுத்து. ஆணி இறங்கிய இடத்தில் துரு வழிந்திருக்கிறதா பார். புதுப் பெயின்ட் இருந்தால் சந்தேகப்படு. கடைசியாக நான் ஒன்று சேர்த்தேன், கன்னத்தை வைத்துப் பார்ப்பது. மழைக்காலத்தில் வார்டில் குழந்தைத் துணி காய்ந்ததா என்று நான் அப்படித்தான் பார்ப்பேன், கைக்குத் தெரியாத ஈரம் கன்னத்துக்குத் தெரிந்துவிடும். "அப்ப உனக்கு ஸ்டெதாஸ்கோப்பே வேண்டியதில்ல" என்று சிரித்தீர்கள்.

தோட்டக்காரர் வாசலுக்கே வந்துவிட்டார். "வாங்க கண்ணு, வாங்க அம்மணி. வண்டி எங்கீங்க ஓடிப் போயிரப் போவுது? மொதல்ல ஒரு வாய் சாப்புடுங்க" என்று இலையைப் போட வைத்தார். அரிசிம்பருப்புச் சாதம், மேலே நெய், அப்புறம் கட்டித் தயிர். எனக்கோ இருப்புக்கொள்ளவில்லை. சாப்பிடும்போது அவர், "அடுத்த வாரம் ஒரு நாடகக் கம்பெனிக்காரங்க வாராங்க. ஆனா நீங்க நல்ல காரியத்துக்குக் கேக்கறீங்க. உங்களுக்குப் புடிச்சிருந்தா உங்களுக்குத்தானுங்க மொதல்ல" என்றார். மனுஷர் நல்லவர். வண்டிக்குள் என்ன இருந்தது என்று அவருக்கே தெரியாது.

இலையை எடுத்ததும் என் காதோரம் குனிந்தீர்கள். "இவரு ஊட்டுல இத்தன ஆசையாப் போட்டதச் சாப்ட்டுப்போட்டு, அவரு கண்ணு முன்னாலயே நான் போயித் தட்டிக் குத்திப் பாத்தா நல்லாவா இருக்குது? நீ போயிப் பாத்துப்போட்டு வா. நீ சரின்னா சரி."

சரி என்று போனேன். உள்ளே அனல் அடித்தது. கதவைத் திறந்ததும் பெயின்ட் வாடை, அதற்கு அடியில் இன்னொரு வாடை. முன் பக்கம் தட்டினேன், 'டக்'கென்று நல்ல சத்தம். பின் ஜன்னலுக்குக் கீழே தட்டினேன், 'பொத்'தென்றது. கொண்டை ஊசியை எடுத்துக் குத்தினால் இட்லியில் இறங்குவது போல இறங்கிற்று. கதவோரம் தரையில் ஒட்டியிருந்த லினோலியம் விரிப்பைத் தூக்கினேன். அடியில் பலகை கறுத்துப் பூஞ்சணம் பிடித்துக் கிடந்தது. சித்திரை வெயிலில் டாக்டரம்மா! சுவரில் கன்னத்தை வைத்தேன். சில்லென்று இருந்தது.

லினோலியத்தை இருந்தபடி விட்டுக் குதிகாலால் மிதித்து ஒட்டினேன். ஊசியைப் புடவையில் துடைத்துக் கொண்டையில் செருகினேன். மர நிழலில் மோர் டம்ளரோடு உட்கார்ந்திருந்த நீங்கள் நிமிர்ந்து பார்த்து, "என்ன அம்மணி?" என்றீர்கள்.

"நல்லாக் காஞ்சு கெடக்குதுங்க டாக்டரம்மா. அப்படியே எடுத்துக்கலாமுங்க."

நீங்கள் சிரித்தீர்கள். கிட்டே வரச் சொல்லி, "என்னத்த அப்பிட்டு வந்திருக்கற" என்று முந்தானையால் என் கன்னத்தைத் துடைத்துவிட்டீர்கள். துடைத்த முந்தானை நனைந்ததா? நனைந்ததை நீங்கள் பார்த்தீர்களா? பதினோரு வருஷமாக இதே கேள்வியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கிறேன்.

ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆசாரி ஒருத்தரைப் பிடித்து நானே சத்தமில்லாமல் பலகையை மாற்றிவிடலாம் என்று. மாற்றவில்லை. கதவோரம் அந்த மெத்தென்ற இடத்தில் பெரிய மருந்துப் பெட்டியை இழுத்து வைத்தேன், யாரும் மிதிக்க வேண்டியதில்லை அல்லவா! அதற்குப் பிறகு ஆறு மாதம். சந்தை நாளில் வெள்ளகோவிலில் நிறுத்தினால் வண்டியைச் சுற்றி வயிற்றுப்பிள்ளைக்காரிகள் வரிசை கட்டுவார்கள். "ஏனுங்க, ஊட்டு வண்டி டாக்டருங்களா?" என்று கூப்பிடுவார்கள். என் ஆயுசில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததே இல்லை. அந்தச் சந்தோஷத்துக்கு நடுவிலும் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை பெட்டி இருந்த இடத்தில் இருக்கிறதா என்று பார்ப்பேன்.

ஐப்பசி அடைமழையில், தாராபுரம் தாண்டி ஒரு ஊரில், மத்தியானம் ஒரு பெண்ணைக் கட்டிலோடு தூக்கி வந்தார்கள். கட்டிலை உள்ளே நுழைக்க இடம் போதவில்லை. அவள் அண்ணன்காரன் மருந்துப் பெட்டியைத் தூக்கி வெளியே வைத்தான். நான் பார்த்தேன். பார்த்துக்கொண்டே வெந்நீர் ஊற்றினேன். 'அங்க மிதிக்காதீங்க' என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்? சொன்னால் ஏன் என்று கேட்பீர்கள். அந்த யோசனையில் வாயைத் திறக்காமல் நின்றேன். நீங்கள் திரும்பினீர்கள், தரை உள்வாங்கியது, வலது கால் முழங்கால் வரைக்கும் இறங்கி அடியில் இருந்த இரும்பில் மாட்டிக்கொண்டது.

ஓடி வந்து பிடித்தேன். "என்னய உடு. அவளப் பாரு" என்று கத்தினீர்கள். அதற்கு முன்னால் நீங்கள் என்னிடம் கத்தியதே இல்லை. தரையில் மாட்டிக் கிடந்தபடியே நீங்கள் சொல்லச் சொல்ல நான் பிரசவம் பார்த்தேன். பெண் குழந்தை, அழுதுகொண்டே பிறந்தது. அதன் தொப்புள்கொடியைக் கட்டி முடித்த பிறகுதான் உங்கள் காலை எடுக்க விட்டீர்கள்.

கணுக்கால் எலும்பு சரியாகக் கூடவில்லை. நீங்கள் கெந்திக் கெந்தி நடக்க ஆரம்பித்தீர்கள், கடைசி நாள் வரைக்கும். வண்டியைப் பிரித்துப் பார்த்த ஆசாரி, நம் இரண்டு பேரையும் வைத்துக்கொண்டே, "இது இந்த மழைல அழுகுனதில்லீங்க. ரண்டு மூணு வருசத்து ஈரம். பாத்திருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்குமுங்களே" என்றார். நான் என் கால் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "வெயில் காலமுங்க, தெரியல" என்று நீங்கள் பதில் சொன்னீர்கள். உங்கள் அப்பா, "பொம்பளைக வண்டி வாங்கப் போனா இப்படித்தான் ஆகும்" என்று தெலுங்கில் தாண்டவம் ஆடினார். அவரிடமும், "நான்தானுங்கப்பா அவசரப்பட்டுப்போட்டேன்" என்றீர்கள். காப்பித் தட்டோடு நான் பக்கத்தில்தான் நின்றேன். என் வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது?

வண்டிப் பயணம் அதோடு நின்றது. மெட்ராஸுக்கு நீங்கள் போகவில்லை, ஆர்.எஸ்.புரத்திலேயே சின்னதாக ஒரு பிரசவ ஆஸ்பத்திரி வைத்து என்னையும் அழைத்துக்கொண்டீர்கள். நான் கேட்டது கிடைத்துவிட்டது, பாருங்கள். தினமும் காலையில் அந்தக் கோணல் நடைச் சத்தம் வராந்தாவில் வரும், நான் எழுந்து போய் ஏற்கெனவே அடுக்கின துணியை மறுபடி அடுக்குவேன். ஒருநாள் திடீரென்று, "உங்கிட்ட ஒண்ணு கேக்கோணும் அம்மணி" என்றீர்கள். எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. "கேளுங்க" என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "காப்பி இருக்குதா?" என்றீர்கள். கேட்க வந்தது அதுதானா? ஏன் கேட்கவில்லை நீங்கள்? கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன், சத்தியமாகச் சொல்லியிருப்பேன். இதில்கூட உங்கள் மேல்தான் பழி போடுகிறேன் பார்த்தீர்களா.

மஞ்சள் காமாலையில் நீங்கள் படுத்த நாலு நாளும் சொல்லிவிடத்தான் கட்டிலைச் சுற்றிச் சுற்றி வந்தேன். யாராவது இருந்தார்கள், இல்லையென்றால் நீங்கள் தூங்கினீர்கள். உண்மையைச் சொன்னால், நீங்கள் தூங்கியது எனக்கு வசதியாகவும் இருந்தது.

காரியம் முடிந்த பிறகு உங்கள் தம்பி ஒரு கவரைக் கொடுத்தார். நான் வேறு இடத்தில் வேலை தேடும்போது காட்டுவதற்காக, கண் மஞ்சளிக்க ஆரம்பித்ததுமே, படுக்குமுன் நீங்கள் எழுதி வைத்த நற்சான்று. இங்கிலீஷில் டைப் அடிக்காமல் தமிழில் கைப்பட எழுதியிருந்தீர்கள். வேலையில் கெட்டி, பிரசவத்தில் கைராசி என்றெல்லாம் எழுதிவிட்டுக் கடைசி வரி தனியாக: 'இவர் பார்த்துச் சரி என்று சொன்ன எதையும் நான் மறுபடி பார்த்ததில்லை.'

இது பாராட்டா டாக்டரம்மா? இல்லை, தெரியும் என்று சொல்கிறீர்களா? அந்த வரியை எத்தனை விதமாகப் படித்துவிட்டேன் தெரியுமா! ஒரு தடவை தலையைத் தடவுகிறது, அடுத்த தடவை கன்னத்தில் அறைகிறது. கிழித்துப் போடவும் கை வரவில்லை.

இன்றைக்கு வேன் பார்க்கக் கூட்டிப்போனவர்கள், அதே கிராமங்களுக்கு மறுபடி வண்டி விடப்போகிறவர்கள்தான். நானாகத் தேடிப் போய்க் கேட்ட வேலை. போன வாரம் அவர்களில் ஒருவரான சின்ன டாக்டரம்மா, "பெரிய டாக்டரம்மா கையால எழுதுன நற்சான்று ஏதாச்சும் வெச்சிருக்கறீங்களா சிஸ்டர்?" என்று கேட்டது. கவர் என் பையில்தான் இருந்தது, இப்போதும் இருக்கிறது.

"இல்லீங்க" என்றேன். உங்கள் விஷயத்தில் இது நான் சொன்ன இரண்டாவது பொய்.